குட்டியானையில் ஓடிய பத்து கிலோமீட்டர்

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன்னால், காலை எட்டு மணிக்கு, குற்றாலம் சாலையின் நட்ட நடுவில், ஒரு வேன் நிறைய மதுரைக்காரர்கள் முன்னிலையில் என் மானம் போனது.

மானம் போவது எனக்குப் புதிதல்ல. வாராவாரம் இந்தப் பக்கத்தில் நானே அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் இந்த முறை போனது மொத்தமாக... அதுவும் அரைக்கால் டிரவுசரில்.

முதலில் ஒரு மன்னிப்பு. ஆடி பிறந்த வாரம் இங்கே நான் எழுதியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். நாற்பத்தெட்டு வயதில் மாரத்தானுக்குத் தயாராவது எப்படி, தினமும் பத்து கிலோமீட்டர் ஓடினால் மனசு எப்படித் தெளிகிறது, இத்யாதி. வீரகேரளம்புதூரிலிருந்து ஒரு வாசகர், 'உங்களைப் படித்துவிட்டு ஷூ வாங்கிவிட்டேன்' என்று எழுதியிருந்தார். ஐயா, கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தென்காசியில் சின்னதாக ஒரு ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருக்கிறேன். காலை ஆறு மணிக்கே வாசலில் ஆட்கள் நிற்பார்கள். எல்லோரும் வெறும் வயிற்றோடு. காப்பி குடிக்காத தென்காசிக்காரரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காமல் இருப்பதே நல்லது. "எனக்குப் பொறவு வந்த ஆளுக்கு எப்படி மொதல்ல எடுத்திய?" என்று ஒருவர் ஆரம்பித்தால், ஊசியை நான் வைத்திருக்கிறேனா அவர் வைத்திருக்கிறாரா என்று சந்தேகம் வந்துவிடும். ஆறுக்குத் தொடங்கி, சாயங்காலம் ஐந்தரைக்குக் கடைசி ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டு எழுந்திருக்கும்போது, என் உடம்பில் ரத்தம் பாக்கி இருக்கிறதா என்று யாராவது டெஸ்ட் பண்ணிச் சொன்னால் தேவலை.

இப்படிப்பட்டவன் மாரத்தான் ஆசையில் விழுந்ததற்குக் காரணம் சாகுல்.

சாகுல் என் பள்ளிக்கூடத் தோழன். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. இப்போது ஷார்ஜாவில் ஒரு கோடவுனில் ஸ்டோர் கீப்பர். பன்னிரண்டு மணி நேர டியூட்டி, எட்டுப் பேர் தங்கும் ரூம். போன தடவை லீவில் வந்தபோது என் லேப்பில் ரத்தம் கொடுத்தான். துணைக்கு இருக்கட்டும் என்று நானும் என் ரத்தத்தை எடுத்துக்கொண்டேன். இரண்டு ரிப்போர்ட்டும் ஒன்றாக வந்தன. இரண்டிலும் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏலே, ஓடுவமா?" என்றான்.

"எங்கன?"

"நீ இங்கன ஓடு, நா அங்கன ஓடுதேன். ஓடுனத போன்ல அனுப்பணும். அடுத்த லீவுக்கு வரும்போது ரெண்டு பேரும் சேந்து ஒரு முப்பது கிலோமீட்டர் ஓடிப் பாப்போம். அது முடிஞ்சிட்டுன்னா, குளிர் காலத்துல ஆளுக்கு ஒரு மாரத்தான்."

மாரத்தான் என்றால் நாற்பத்திரண்டு கிலோமீட்டர். தென்காசியில் கிளம்பினால் ஆலங்குளம் தாண்டி, இன்னும் அரை ஆலங்குளம் போக வேண்டும். பஸ்ஸில் போனாலே எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஆனாலும் தலையாட்டினேன். சர்க்கரை பயம் யாரை விட்டது?

ஏதேதோ சாக்குச் சொல்லி நாளைத் தள்ளி, வைகாசியில்தான் ஆரம்பித்தோம். முதல் மூன்று வாரம் உண்மையாகவே ஓடினேன். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். லேப்பை முடித்துவிட்டு, குற்றாலம் போய், ஐந்தருவிப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றி, இலஞ்சியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தால் பத்து கிலோமீட்டர். எட்டு வரை ஓடுவேன், மிச்சத்தை நடப்பேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு சாரல் வந்தது.

வெளியூர்க்காரர்களுக்குச் சாரல் என்றால் கவிதை. எங்களுக்கு அது டிராஃபிக். அருவியில் தண்ணீர் விழுகிறது என்று டிவியில் ஒரு வரி ஓடினால் போதும்... மதுரை, விருதுநகர், கொல்லம் என்று அத்தனை ஊர் வண்டிகளும் எங்கள் சாலைக்குள் நுழைந்துவிடும். தலையில் துண்டு கட்டிய கூட்டம், பஜ்ஜிக் கடைப் புகை, ரிவர்ஸ் எடுக்கிற டூரிஸ்ட் பஸ், உடம்பெல்லாம் எண்ணெயோடு ரோட்டைக் கடக்கிற பெரிய மனிதர்கள். இதற்கு நடுவில் ஒருவன் ஓட வேண்டும்.

ஓடினாலும் விடுவார்களா? எங்கள் ஊரில் வயது வந்த ஆள் ஓடினால் இரண்டே காரணம்தான். ஒன்று, பஸ் போய்க்கொண்டிருக்கிறது. இல்லையென்றால், யாரோ போய்விட்டார்கள். ஓடுகிற என்னைப் பார்த்ததும் பைக்கை ஸ்லோ பண்ணி, குரலைத் தாழ்த்தி, "யாருக்கு என்ன சார்?" என்று விசாரிப்பார்கள். ஒன்றுமில்லை, சும்மா ஓடுகிறேன் என்றால் நம்ப மாட்டார்கள். அடுத்த வார்த்தை, "ஏறுங்க."

இந்த 'ஏறுங்க' இருக்கிறதே, அதை மறுக்கக் கூடாது. மறுத்தால், "ஏன், எங்க வண்டியில ஏற மாட்டியளோ?" என்று ஒரு கேள்வி வரும். கல்யாண வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் வந்தால் எத்தனை வருஷம் பேசுவார்களோ, அத்தனை வருஷம் இதையும் பேசுவார்கள்.

பரமசிவம் அண்ணாச்சி அப்படித்தான் வந்து சேர்ந்தார். குற்றாலத்து லாட்ஜுகளுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர். குட்டியானை என்று நாம் சொல்லும் சின்ன லோடு வண்டி ஒன்று சொந்தமாக வைத்திருக்கிறார். மேலகரம் பக்கம் என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"ஏறுங்க சார்."

"இல்ல அண்ணாச்சி, ஓடுதேன்."

"அதான் பாக்கேன்லா. எதுக்கு ஓடணும்? நாந்தான் வந்துட்டேன்லா?"

இந்த நியாயத்துக்கு எதிராக எந்த வக்கீல் வாதாட முடியும்? ஏறினேன். டிரவுசர் பையில் போன் இருந்தது. போனில், ஓடுகிற தூரத்தையும் வேகத்தையும் அளக்கிற ஆப் ஓடிக்கொண்டிருந்தது. அணைக்க மறந்துவிட்டேன். மறந்தேன் என்பது உண்மை. அன்றைக்கு மட்டும்.

சீசன் டிராஃபிக்கில் குட்டியானை மணிக்கு எத்தனை கிலோமீட்டர் போகும் என்கிறீர்கள்? சரியாக, நல்ல மாரத்தான் வீரன் ஓடுகிற வேகம்! லாட்ஜ் வாசலில் கேன் இறக்க நின்றால், ஆப் அதை ஓய்வு என்று எடுத்துக்கொண்டது. அண்ணாச்சியின் வழியும் என் வழியும் ஒன்றேதான்... குற்றாலம், ஐந்தருவி, கடைசியில் இலஞ்சி முக்கு. வீட்டுக்கு வந்து பார்த்தால் திரையில் பத்து கிலோமீட்டர். பழக்க தோஷத்தில் அப்படியே சாகுலுக்கு அனுப்பிவிட்டேன்.

பத்து நிமிஷத்தில் போனில் அவன் குரல் பதிவு வந்தது. "மாஷா அல்லாஹ்! போன வாரத்துக்கு இந்த வாரம் என்ன வேகம்லே! எப்படிலே?"

'வண்டியிலே' என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். நான் புஜத்தை மடக்கிக் காட்டுகிற பொம்மையை அனுப்பினேன்.

ஒருவனை ஏமாற்றப் பெரிய கெட்டிக்காரத்தனம் வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் வேண்டாம். நல்ல மனசுள்ள ஊரும் மோசமான டிராஃபிக்கும் போதும்.

மறுநாளும் அண்ணாச்சி வந்தார். அதற்கு மறுநாளும். பத்து வாரம். சும்மா உட்கார்ந்து போக எனக்கும் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. லாட்ஜுகளில் கேன் இறக்கக் கை கொடுத்தேன். ஒரு நாள் என் மனைவி ஈஸ்வரி சட்டையைக் கொடியில் போடும்போது நின்று பார்த்தாள்.

"ஏங்க, ஓடுத ஆளுக்கு ஒத்தத் தோளு மட்டும் எப்படி நனையும்?"

"காத்து அந்தப் பக்கம் அடிச்சிருக்கும்" என்றேன். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. இருபது வருஷக் குடும்ப வாழ்க்கை எதற்கு இருக்கிறது?

அங்கே சாகுலின் எண்கள் ஏறிக்கொண்டே போயின. ஐந்து, எட்டு, பன்னிரண்டு, பதினெட்டு. வெளியே ஓடினால் வெயில் ஆளைச் சுட்டுவிடும் என்று, ஒரு கட்டடத்தின் அடித்தளத்து கார் பார்க்கிங்கில் விடியுமுன் ஓடினான். ஒரு தடவை இருபத்து மூன்று கிலோமீட்டர் ஓடிவிட்டு மூச்சு வாங்கப் பேசினான்: "நீ ஓடுதத பாத்துத்தான்லே எனக்கும் காலு போகுது." அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது, அது வேறு விஷயம்.

ஆவணி பிறந்ததும் லீவில் வந்து இறங்கினான். பார்த்ததும் பகீரென்றது. தொப்பையைக் காணோம். கன்னம் ஒட்டி, காலேஜில் படிக்கும்போது இருந்த சாகுல் மாதிரி நின்றான். என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"என்னலே, இவ்வளவு ஓடியும் ஒனக்கு வயிறு கொறையலியே?"

"எனக்கு உடம்பு வாகு அப்படி."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் அவன் வீட்டுக்குப் போனேன். உட்கார்ந்ததும் வட்டலப்பம் வைத்தார்கள். இரண்டாவது தடவை போனேன். மறுபடியும் வட்டலப்பம். வாய் நிறைய இனிப்பை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படி உண்மை பேசுவது? ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

விடிய ஐந்து மணிக்கு லேப் வாசலில் கிளம்பினோம். தென்காசி, இலத்தூர், செங்கோட்டை, குற்றாலம், ஐந்தருவி, திரும்பத் தென்காசி. கூடக் குறையச் சுற்றினால் முப்பது. எட்டு கிலோமீட்டர் வரை கூடவே ஓடினேன். அதற்குப் பிறகு என் ஷூ லேஸ் அடிக்கடி அவிழ ஆரம்பித்தது. செங்கோட்டையில் டீ குடித்தே ஆக வேண்டும் என்று அடம் பிடித்தேன். ஒரு பாலத்தில் காலைத் தூக்கி வைத்து, யாரோ வீடியோவில் செய்ததை எல்லாம் செய்தேன். சாகுல் பொறுமையாக நின்றான்.

"நேத்து லேப்ல வேல ஜாஸ்தியாலே? பரவால்ல, மெதுவா வா. நா எங்க போகப் போறேன்?"

அவன் திட்டியிருந்தால் கூடத் தேவலை என்றிருந்தது. அவன் அங்கே ஓடியது முழுக்க என்னை நம்பி. இன்றைக்கு நான் பாதியில் விழுந்தால் எல்லாம் தெரிந்துவிடும். எப்படியாவது தென்காசி வந்துவிட வேண்டும், முருகா, இந்த ஒரு தடவை மட்டும் என்று வேண்டிக்கொண்டே ஓடினேன்.

பதினேழாவது கிலோமீட்டர். குற்றாலம் நுழைகிற இடம். சீசன் ஞாயிறு. இரண்டு பக்கமும் வண்டிகள் அசையாமல் நின்றன. நாங்கள் மட்டும் ஓரமாக ஓடிக்கொண்டிருந்தோம். ஒரு டெம்போ வேனுக்குப் பின்னாலிருந்து பழகிய ஹார்ன் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் வேகமாக ஓடினேன், அன்றைய ஓட்டத்திலேயே அதுதான் அதிகபட்ச வேகம். பிரயோஜனமில்லை.

"சார்! என்ன சார், ஞாயித்துக்கெழமையும் ஓடுதியளா? ஏறுங்க, எப்பவும் போல இலஞ்சி முக்குல எறக்கி விடுதேன்!"

சாகுல் நின்றான். அண்ணாச்சியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"எப்பவும் போலன்னா?"

நான் வாயைத் திறக்குமுன் அண்ணாச்சி முந்திக்கொண்டார். "சார் தெனமும் நம்ம வண்டிதான். தங்கமான மனுசன். கேனெல்லாம் எறக்கித் தருவாரு."

சாகுலுக்குக் கணக்குப் போட ஐந்து விநாடி ஆனது. ஸ்டோர் கீப்பர் அல்லவா? "தெனமும்னா... எத்தன நாளா?"

"சாரல் விழுந்த நாள்லேர்ந்து" என்றேன். அதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது?

முன்னால் நின்ற டெம்போ வேனின் ஜன்னலிலிருந்து ஓர் அக்கா தலையை நீட்டினார். மடியில் தூக்குச் சட்டி. அரை மணி நேரமாக ஒரே இடத்தில் நிற்கிறவர்களுக்கு இப்படி ஒரு காட்சி கிடைத்தால் விடுவார்களா? "என்னண்ணே, என்ன பஞ்சாயத்து?" என்றார். எனக்கு ஆதரவாக ஏதாவது சொல்வாரோ என்று பார்த்தேன். சாகுல் அவரிடம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டான். ஷார்ஜா, கார் பார்க்கிங், போனில் வந்த படங்கள், எல்லாம். வேனில் இருந்த பன்னிரண்டு பேரும் ஜன்னல் பக்கம் சாய்ந்து கேட்டார்கள்.

அக்கா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "ஏண்ணே, கூடப் படிச்ச ஆள இப்பிடியா ஏமாத்துறது? எங்க வீட்டுக்காரரே இந்த அளவுக்குப் போனதில்ல."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் உட்பட வேன் மொத்தமும் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. இதோடு போயிற்று, அவனும் சிரித்துவிடுவான் என்று நினைத்தேன்.

அவன் சிரிக்கவில்லை.

"வெடியக் காலம் அலாரம் அடிக்கும்லே. எந்திரிக்க மனசே வராது. ரூம்ல எட்டுப் பேரு, பேச ஒரு நாதி கெடையாது. அவன் நேத்து பத்து ஓடிட்டான், நாம கெடக்கோமேன்னு எந்திரிச்சிப் போவேன். அந்தப் பார்க்கிங்ல செக்குமாடு மாதிரி சுத்துவேன். ஆனா நீ பக்கத்துல வார மாதிரியே இருக்கும்லே. கத பேசிக்கிட்டே ஓடுவேன். பாத்தவனுவ பைத்தியம்னு நெனச்சிருப்பானுவ." நெற்றி வியர்வையை வழித்து உதறினான். "கடைசில நா தனியாத்தான் ஓடிருக்கேன். இல்லையா?"

திரும்பினான். ஓடினான். அவன் முழு வேகத்தில் ஓடி அப்போதுதான் பார்த்தேன். இவ்வளவு நேரம் எனக்காகத் தன்னை இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான். வண்டிகளுக்கு நடுவே புகுந்து, இரண்டு நிமிஷத்தில் காணாமல் போய்விட்டான்.

எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. நின்ற இடத்தில் அழுதுவிட்டேன். மதுரை அக்கா ஜன்னல் வழியாகத் துண்டை நீட்டினார். அருவியில் குளிக்கக் கொண்டுவந்த துண்டு. வாங்கித் துடைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன்.

பரமசிவம் அண்ணாச்சிக்கு நிலைமை பாதிதான் புரிந்திருந்தது. "ஏறுங்க சார். வெரட்டிப் புடிச்சிரலாம்."

"இல்ல அண்ணாச்சி. இன்னைக்கு ஏறல."

"நம்ம வண்டியில ஏற மாட்டியளோ?"

"ஏற மாட்டேன்" என்றேன். என் வாழ்நாளில் ஒரு ஊர்க்காரர் முகத்துக்கு நேராக இதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் முகம் வாடிவிட்டது. அந்தப் பாவமும் என் கணக்கில்தான் சேரும்.

பதின்மூன்று கிலோமீட்டர் பாக்கி. ஓடினேன் என்று சொன்னால் மறுபடியும் பொய் சொன்னதாகும். ஓடினேன், நடந்தேன், நொண்டினேன், இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். ஐந்தருவி போய்த் திரும்பினேன். மதுரைக்காரர்கள் அருவியில் குளித்து, சாப்பிட்டு, தலை காய்ந்து, ஊருக்குக் கிளம்பி என்னைத் தாண்டிப் போனார்கள். "இன்னுமா முடிக்கல?" என்று அக்கா கத்தினார். கை காட்டினேன்.

லேப் வாசலுக்கு வந்தபோது பன்னிரண்டு மணி. சாகுல் படியில் உட்கார்ந்திருந்தான். வீட்டுக்குப் போய்க் குளித்து, உடுப்பு மாற்றி, ஸ்கூட்டரில் வந்திருந்தான்.

"எங்கன ஏறுன?"

"எங்கயும் ஏறல. முழுசா வந்தேன்."

"காட்டு."

போனை எடுத்தேன். செத்துக் கிடந்தது. இருபத்தோராவது கிலோமீட்டரிலோ என்னவோ சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. உண்மையாக வந்த ஒரே நாளுக்குச் சாட்சி இல்லை! சாகுல் என் காலைப் பார்த்தான். கொப்புளம் உடைந்து சாக்ஸில் ரத்தம் கசிந்திருந்தது. ரத்தம் பார்ப்பது என் தொழில் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் எழுந்தான், ஸ்கூட்டரைக் கிளப்பினான், போய்விட்டான்.

'ஏறு' என்று சொல்லவில்லை. ஒற்றைக் காலில் நிற்கிற ஒருவனைத் தாண்டி, பின் சீட் காலியாக ஒரு வண்டி போகிறது. எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய திட்டு கிடையாது.

ஒன்பது நாள் பேச்சில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனால் கடையநல்லூர் போயிருக்கிறார், சங்கரன்கோவில் போயிருக்கிறார் என்றார்கள். வட்டலப்பமும் இல்லை.

பத்தாவது நாள் காலை அவனுக்குத் திருவனந்தபுரத்தில் விமானம். ஏழு மணிக்குக் கார். லேப் வாசலில் இருபது பேர் வெறும் வயிற்றோடு நிற்க, "ஒரு அரை மணி நேரம்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். பின்னால் கேட்ட வார்த்தைகளை இங்கே எழுதினால் அச்சிட மாட்டார்கள்.

நான் போனபோது பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அரிசி மாவு, ஊறுகாய், மசாலா என்று கயிறு கட்டிய ஒரு பெரிய அட்டைப் பெட்டி. அதைத் தூக்கித் தோளில் வைத்து டிக்கியில் இறக்கினேன்.

சாகுல் பார்த்துக்கொண்டே நின்றான். "நல்லாத் தூக்குத. கேன் தூக்குன தோளுல்லா?"

டிக்கியைச் சாத்தினேன். அவன் காரில் ஏறி உட்கார்ந்தான். கண்ணாடியை இறக்கினான். போய் வருகிறேன் என்று சொல்லப் போகிறான், அதுவே போதும் என்று நின்றேன். பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டான்.

"ஏறுலே. புளியரை வரைக்கும் வந்துட்டு பஸ்ல திரும்பு."

ஏறினேன். கார் செங்கோட்டை தாண்டுகிற வரை இரண்டு பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம். பிறகு அவன், என் பக்கம் திரும்பாமலே கேட்டான்:

"ஆப்ப அணைச்சிட்டியாலே?"

டிரைவர் பயந்து வண்டியை ஸ்லோ பண்ணுகிற அளவுக்குச் சிரித்தோம். புளியரையில் இறங்கும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "நாலு ஓடுனாலும் சரி, ஓடுனத மட்டும் அனுப்பு. நா கூட வாரேன்" என்றான்.

இப்போது தினமும் ஓடுகிறேன். நான்கு கிலோமீட்டர். வேகத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள், நடக்கிறவர்கள் என்னைத் தாண்டிப் போகிறார்கள். அதை அப்படியே அவனுக்கு அனுப்புகிறேன். குளிர் காலத்தில் அவன் முழு மாரத்தான் ஓடுவான், சந்தேகமில்லை. நான் அன்றைக்கு இங்கே எத்தனை கிலோமீட்டர் ஓடுவேனோ தெரியாது, ஆனால் ஓடுவேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். சாயங்காலம் குற்றாலம் சாலையில் தொப்பையோடு ஓர் ஆள் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்தால், தயவுசெய்து வண்டியை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் ஏறிவிடுவேன்!